மழை பெய்யாத துறைமுகம்

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஜிப்பு அக்கா கடையைக் கை காட்டிவிடுவார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, கூரை ஒரு பக்கமாகச் சரிந்து, கொஞ்சம் உயரமானவர்கள் நுழைந்தால் நெற்றியில் இடித்துக்கொள்ளும் அறை அது. அங்கே புதுத்துணி தைப்பதில்லை. நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவது, இறுகிப்போன பாவாடையைத் தளர்த்துவது, வளர்ந்துவிட்ட பிள்ளையின் சீருடையில் உள்ளே மடித்து வைத்த துணியைப் பிரித்துவிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, அறுந்துபோன ஜிப்பை மாற்றுவது. ஜனங்களுக்கு உடம்பு ஏறி இறங்கிக்கொண்டு இருக்கிறவரை என் பிழைப்புக்குக் குறைவில்லை என்று அக்கா சொல்லுவாள். ஜிப்பின் பல் வரிசையில் மாட்டிக்கொண்ட துணியைக் கிழியாமல் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவின் கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். உடனே வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் தொலைநோக்கி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவர் இருந்தது கப்பலின் அடிவயிற்றில், எஞ்சின் அறையில். எண்ணெய் போடுவது, துடைப்பது, வால்வைத் திறப்பது, மூடுவது. அங்கே ஜன்னல் கிடையாது. வெளியே விடிந்திருக்கிறதா இருட்டியிருக்கிறதா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வருஷத்தில் பெரும்பகுதி கடலில் கழியும், மிச்சம் வீட்டில். வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும் போல, மனுஷன் வாயைத் திறக்க மாட்டார். சுத்தக் கல்லுளிமங்கன்.

துறைமுகத்துக்குப் போனதும் போன் செய்வார். ஊரின் பெயரைச் சொல்லுவார். ஊர் எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்பாள். சூடாக இருக்கிறது என்பார். பனி கொட்டுகிற நாட்டிலிருந்து பேசினாலும் சூடாகத்தான் இருக்கும், எஞ்சின் அறையிலிருந்து வந்து பேசுகிறவருக்கு வேறு எப்படி இருக்கும்? கடல் என்ன நிறம் என்றால், கடல் நிறம் என்பார். ஜனங்கள் எப்படி என்றால், இருக்கிறார்கள் என்பார். அதற்குள் பின்னால் யாரோ கூப்பிடுவார்கள், லைன் அறுந்துபோகும்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. நகை நட்டு, வீடு வாசல் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. உலகத்தைச் சுற்றி வருகிற மனுஷன், தன் கண்ணால் பார்த்த ஒரே ஒரு விஷயத்தைத் தன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் ஊரைத் தாண்டியதே மகளுக்குப் பேறுகாலம் என்று பஸ் ஏறிப் போனபோதுதான். கப்பலில் பெண்டாட்டியைக் கூட்டிப்போகலாம் என்று ஒரு சலுகை உண்டு, ஆனால் அது அதிகாரிகளுக்கு. எண்ணெய் துடைக்கிறவனின் பெண்டாட்டி கரையில்தான் நிற்க வேண்டும். சரி, போகத்தான் முடியவில்லை, போனவர் சொல்லியாவது கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

இந்த வயிற்றெரிச்சலை ஒருநாள் நூலகத்து அம்மாவிடம் கொட்டினாள். தபால் ஆபீசுக்கு மேல்மாடியில் இருந்த கிளை நூலகத்தை நடத்தியவர் அவர். வருஷம் தவறாமல் பாவாடையைத் தளர்த்த வருகிறவர். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். அந்த ஊரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறாரே, வந்து எடுத்துப் போங்களேன் என்றார் நூலகத்து அம்மா.

பிடித்தது பைத்தியம்.

சுற்றாத மின்விசிறிக்குக் கீழே, மூலையில், பயண நூல்களுக்கென்று ஒரு அலமாரி இருந்தது. அதில் கை வைக்கிற ஒரே ஆள் அக்காதான் என்று சீக்கிரமே ஆகிவிட்டது. கணவர் போன் செய்து ஊர் பெயரைச் சொன்னால் போதும், மறுநாளே மாடி ஏறிவிடுவாள். மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் மெஷின் பலகையில் புத்தகத்தை விரித்து, அளவு நாடாவைப் பக்கத்துக்கு நடுவே போட்டுப் படிப்பாள். பிடித்த வரிக்குத் தையல் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பாள். திருப்பிக் கொடுக்கும்போது தட்டிவிட்டால் போய்விடும். எல்லாம் போகாது என்று நூலகத்து அம்மாவுக்குத் தெரியும், ஆனால் பாவாடை தளர்த்துகிற ஆளைப் பகைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை.

எழுதினவர்களின் பெயர்களையெல்லாம் அக்கா நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அவளே பெயர் வைத்தாள். முதுகுப்பையோடு கண்ட இடத்தில் படுத்துத் தூங்குகிறவர் மூட்டைக்காரர். எந்த ஊர் ஓட்டலுக்குப் போனாலும் மானேஜரோடு மல்லுக்கு நிற்கிற அம்மையார் சண்டைக்காரி. போகிற இடத்திலெல்லாம் எதையாவது தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையிலும் அந்த ஊரின் கோபுரம், கிணறு, மண், காற்று ஒன்று விடாமல் எழுதிவைக்கிறவர் வயித்துவலிக்காரர். மூவரில் அவர்மேல்தான் அக்காவுக்கு நம்பிக்கை அதிகம். வயிறு வலிக்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவள் கட்சி.

இவர்களோடு அவள் பார்க்காத ஊர் இல்லை. பாலங்கள் நடுவே பிளந்து கப்பலுக்கு வழிவிடுகிற ஆற்றங்கரை ஊர், மேகத்துக்கு மேலே சந்தை கூடுகிற மலை ஊர், தெருவுக்குப் பதில் தண்ணீர் ஓடுகிற ஊர். அலமாரி தீர்ந்ததும் பக்கத்து அலமாரிக்குத் தாவினாள். கடல் நீரோட்டங்களைப் பற்றி, உப்பின் சரித்திரத்தைப் பற்றி, கலங்கரை விளக்கத்தில் தனியே வாழ்ந்தவர்களைப் பற்றி, கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு, சட்டிக்கு வெளியே எவ்வளவு பெரிய வெளி இருக்கிறது என்று தெரிந்தது. கால்சட்டை வாங்க வந்தவர்கள், ஜிப்பை இழுத்துச் சரிபார்க்கும் நேரத்துக்குள் ஏதாவது ஒரு தேசத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போனார்கள்.

ஆனால் படிக்கப் படிக்கக் கணவர்மேல் கோபம்தான் ஏறியது. பணம் கொடுத்து, வயிற்றுவலியையும் பொறுத்துக்கொண்டு ஒருத்தர் போய்ப் பார்க்கிற ஊருக்கு, இந்த மனுஷனைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள். போய்விட்டுச் சூடு என்கிறார். அந்தக் கோபுரத்தைப் பார்த்தீர்களா, இந்தப் பாலத்தில் நின்றீர்களா என்று போனிலேயே குறுக்கு விசாரணை செய்வாள். ஒருமுறை அவர், ஊர் வந்தால்தான் எங்களுக்கு வேலையே, கப்பல் நிற்கும்போதுதானே எஞ்சினைப் பிரிக்க முடியும் என்றார். அது அவர் வாழ்நாளில் பேசிய நீளமான வாக்கியங்களில் ஒன்று. அக்கா அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட்டாள்.

வரும்போதெல்லாம் ஒன்றை மட்டும் மறக்காமல் கொண்டுவருவார். ஊசிப் பொட்டலம், நூல்கண்டு, தையல் சாக்பீஸ். படிக்கத் தெரியாத எழுத்துகள் அச்சடித்த காகிதத்தில் சுற்றியிருக்கும். கடையில் ஒரு தகர டப்பா நிறைய அந்த ஊசிகள் கிடந்தன. துறைமுக வாசலில் இருக்கிற பெட்டிக்கடையில் எதையோ அள்ளிக்கொண்டு வருகிறார் என்று அக்கா முடிவு கட்டியிருந்தாள். ஒருமுறை நல்ல கத்தரிக்கோல் ஒன்று கொண்டுவந்தார். கனமான, கறுத்த பிடி. மேஜைமேல் வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நகராமல் எதிரில் நின்றார். ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரி தொண்டையைக்கூடக் கனைத்தார். அவளோ அன்றைக்குத்தான் தெருவுக்குப் பதில் தண்ணீர் ஓடுகிற ஊரைப் படித்து முடித்திருந்தாள், மனசெல்லாம் அந்த ஊரின் கண்ணாடி விளக்குகள்.

"கத்தரிக்கோல் வாங்கவா உலகத்தைச் சுத்துனீங்க? அது இந்தத் தெருமுனையிலயே கெடைக்கும்" என்றாள்.

அவர் சிரித்த மாதிரி இருந்தது. குளிக்கப் போய்விட்டார். கத்தரிக்கோல் என்னவோ அருமையானது. அதற்குப் பிறகு அவள் வேறு ஒன்றைத் தொட்டதில்லை.

ஓய்வு பெற்று வந்தபோது அவருக்குக் காது பாதி போயிருந்தது. கடை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பொத்தான்களை நிறம் பிரித்துப் போடுவார், பிரித்த தையலிலிருந்து நூல் பொறுக்குவார். அக்கா மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் படிப்பாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கிறாரா என்று சொல்ல முடியாது, ஆனால் நிறுத்தினால் திரும்பிப் பார்ப்பார். அந்த நாட்கள் மோசமில்லை. இப்படியே போயிருக்கலாம்.

பிறகு நினைவு நழுவ ஆரம்பித்தது. முதலில் செருப்பைத் துணி அலமாரிக்குள் வைத்தார். குழாயைத் திறந்துவிட்டு வால்வு சரியில்லை என்று நின்றார். அப்புறம் ஒருநாள் மகள் வந்தபோது, இந்தப் பெண் யார், எந்தத் துணி வாங்க வந்திருக்கிறது என்று அக்காவிடம் கேட்டார். மகள் சமையலறைக்குப் போய் அழுதாள். அக்கா அழவில்லை, டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் நல்ல மாதிரி. குணப்படுத்த முடியாது, தள்ளிப்போடலாம் என்றார். பழைய விஷயங்களைப் பேசிக்கொண்டே இருங்கள், கேட்கக் கேட்கக் கொஞ்சம் தங்கும். தப்பாகச் சொன்னால் பொறுமையாகத் திருத்துங்கள். ஒன்றோடு ஒன்றைப் போட்டுக் குழப்ப ஆரம்பித்தால் நோய் ஏறுகிறது என்று அர்த்தம், அதைமட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டாள்.

பழைய விஷயங்களைப் பேசுவது என்றால் எதைப் பேசுவது? கல்யாணத்தைப் பேசினாள், மகள் பிறந்ததைப் பேசினாள். அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. அவருடைய வாழ்க்கையில் பாதிக்குமேல் கடலில் இருந்தது, அதில் அவளுக்கு ஒரு துளிகூடத் தெரியாது. எண்ணெய், வால்வு, சூடு, அவ்வளவுதான். அவளிடம் இருந்ததெல்லாம் புத்தகங்கள். அவர் போன ஊர்கள் அவளுக்குத் தெரியும், அந்த ஊர்களில் என்ன இருக்கிறது என்றும் தெரியும். ஆகவே தன் தொழிலில் செய்வதையே இதிலும் செய்தாள். மூட்டைக்காரருக்கு அளவெடுத்த சட்டையைப் பிரித்து, கணவருக்குப் பொருந்தும்படி தைத்தாள்.

நடுவே பிளக்கிற பாலத்தில் நீங்கள் நின்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்று ஆரம்பித்தாள். கைப்பிடி ஈரமாக இருந்தது, மணி அடித்தது, பாலம் இரண்டு பக்கமும் எழுந்தது, உங்கள் தொப்பி பறந்துபோய் ஆற்றில் விழுந்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். அடுத்த நாள் அவரே, என் தொப்பி பறந்துவிட்டது என்றார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அதன் பிறகு நிறுத்தவில்லை. மேகத்துக்கு மேலே சந்தை, ஓட்டல் மானேஜரோடு சண்டை, கண்ணாடி விளக்கு, எல்லாம் அவருடையதாயிற்று. ஆச்சரியம் என்னவென்றால், பேசாத மனுஷன் பேச ஆரம்பித்தார். துணி வாங்க வருகிறவர்களை முக்காலியில் இருந்தபடியே நிறுத்தி, நான் அந்த மலையில் ஏறினபோது என்று தொடங்குவார். அவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். இத்தனை பார்த்திருக்கிறாரே, இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்பார்கள். அக்கா தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள், உதடு மட்டும் சிரிக்கும். அவள் கேட்க ஆசைப்பட்டதை அவர் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதை அவள் யோசிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை.

"அப்பா எங்கம்மா மலை ஏறினாரு? புத்தகத்த எடுத்து அவர் தலைக்குள்ள ஊத்திட்டு இருக்கீங்க."

"காலியா கெடக்கறதுக்கு இதாவது இருக்கட்டுமே" என்றாள் அக்கா.

மகள் அதற்குமேல் வாதாடவில்லை. காலியாகத்தான் கிடக்கிறதா என்று அவளும் கேட்கவில்லை.

ஒருநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அக்கா ஒரு கோட்டுக்கு உள்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் உட்கார்ந்து, படியில் தெறிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் டப்பா மடியில் அப்படியே இருந்தது. அப்போது அவர் தானாக, யாரும் தொடங்கிவைக்காமல், பேசினார். குரல்கூட வேறு மாதிரி இருந்தது, மலை ஏறின கதை சொல்லுகிற உற்சாகக் குரல் இல்லை, பழைய கம்மிய குரல்.

"அன்னிக்கும் இப்படித்தான் மழை" என்றார்.

எங்கே என்று அக்கா கேட்டாள். அவர் ஒரு துறைமுகத்தின் பெயரைச் சொன்னார்.

அக்காவின் கை நின்றுவிட்டது. அந்த ஊர் அவளுக்கு நன்றாகத் தெரியும். பாலைவனத்து விளிம்பில் இருக்கிற ஊர். வயித்துவலிக்காரர் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார். அங்கே மழை என்பதே கிடையாது. வீட்டுக் கூரைகளுக்குச் சரிவு கிடையாது, தெருவில் வடிகால் கிடையாது, குடை விற்கிற கடையைத் தேடினாலும் கிடையாது என்று எழுதியிருக்கிறார். ஆக இது டாக்டர் சொன்ன குழப்பம். எதிரே பெய்கிற மழையை எடுத்துப் பாலைவனத்தில் போடுகிறார். நோய் ஏறுகிறது.

அவர் பேசிக்கொண்டேயிருந்தார். "சின்னக் கடை. உள்ள ஒரு அம்மா கால்மெஷின்ல தெச்சிட்டு இருந்தாங்க. செகப்புத் துணி. நான் நனைஞ்சுக்கிட்டே வாசல்ல நின்னேன். அந்த அம்மா நிமிந்து என்னப் பாத்து..."

"அந்த ஊர்ல மழையே கிடையாதுங்க" என்றாள் அக்கா.

அவர் நிறுத்தினார். பெய்ததே என்றார். இல்லைங்க, நீங்கள் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பொறுமையாகத்தான் சொன்னாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நூலகத்திலிருந்து மறுபடி வாங்கி வந்த புத்தகம் கடை அலமாரியில் இருந்தது, எடுத்து வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். அவளே இழுத்த சாக்பீஸ் கோடு அங்கே லேசாகத் தெரிந்தது. அவர் அந்த வரியின்மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"போட்டிருக்கா?"

"போட்டிருக்குங்க."

"அப்ப மழை இல்ல" என்றார்.

பயந்துபோன அக்கா அடுத்தடுத்த நாட்களில் அந்த ஊரையே விடாமல் பிடித்துக்கொண்டாள். வெள்ளைச் சுவர்கள், ஆழமான கிணறு, ஒட்டகச் சந்தை, பகலில் சுடுகிற மண். அரைத்த மாவையே அரைத்தாள். அவர் கண்ணும் கருத்துமாகக் கேட்டார். அந்த ஊரில் மழையே கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். தையல் கடையும் சிவப்புத் துணியும் திரும்ப வரவே இல்லை. குழப்பம் தீர்ந்துவிட்டது என்று அக்கா நிம்மதியாக இருந்தாள்.

சில மாதம் கழித்து, அவரோடு கப்பலில் சமையல்காரராக இருந்தவர் பார்க்க வந்தார். தொலைவில் மகன் வீட்டில் இருப்பவர், ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்திருக்கிறார். குட்டையான, வழுக்கை விழுந்த, கலகலப்பான மனுஷர். அண்ணி என்று உரிமையோடு கூப்பிட்டார். உள்ளே வரும்போது நெற்றியில் இடித்துக்கொள்ளாத முதல் விருந்தாளி. அக்காவின் கணவருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கதையை ஆரம்பித்தார். பாலத்தில் தொப்பி பறந்தது, மலைச் சந்தை, மானேஜர் சண்டை. சமையல்காரர் முதலில் சிரித்தார், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாலைவனத்து ஊர் வந்தது. மழையே கிடையாது என்றார் கணவர்.

"என்னண்ணே, நம்மள முழுசா நனைச்சு எடுத்துச்சே, மறந்துட்டீங்களா?" என்றார் சமையல்காரர்.

"இல்ல தம்பி. அந்த ஊர்ல மழையே கிடையாது."

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். சமையல்காரரைத் தெரு வரைக்கும் கொண்டுவிடுகிற சாக்கில் வெளியே வந்தாள். நனைச்சு எடுத்தது என்றீர்களே, அது எந்த ஊர் என்று கேட்டாள். அதே ஊர்தான் அண்ணி என்றார் அவர். அங்கே பல வருஷமாக மழை கிடையாது, வாஸ்தவம்தான். ஆனால் கப்பல் நின்றிருந்த நாளில் கொட்டிவிட்டது. சிமெண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரம் பட்டால் அத்தனையும் கல்லாகிவிடும் என்று சரக்கறையை மூடிவிட்டார்கள். துறைமுகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஊர் ஜனங்களெல்லாம் தெருவுக்கு வந்து நனைந்துகொண்டு நிற்கிறார்கள். சீஃப் எஞ்சினியருக்கும் மனசு இளகி, போய்விட்டு வாருங்கள் என்று எல்லோரையும் கரைக்கு விட்டுவிட்டார். அந்த மழை இல்லையென்றால் அண்ணன் அந்த ஊரில் இறங்கியே இருக்க மாட்டார் என்றார்.

இறங்கி எங்கே போனார் என்று அக்கா கேட்டாள். சமையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரு எங்க போவாரு அண்ணி? எந்த ஊரா இருந்தாலும் ஒரு மணி நேரம் கெடச்சாப் போதும், தையல் கடையத் தேடித்தான் போவாரு. நாங்க அவரக் கிண்டல் பண்ணாத நாளில்ல. வெளிய நின்னு, உள்ள தெச்சிட்டு இருக்கறவங்களப் பாத்துக்கிட்டே இருப்பாரு. எங்க வீட்டுல இப்ப இப்படித்தான் உக்காந்திருப்பான்னு சொல்லுவாரு. அப்புறம் சும்மா நின்னா நல்லாருக்காதுன்னு ஊசியோ நூலோ வாங்கிட்டு வந்துருவாரு."

தகர டப்பா நிறையக் கிடந்த ஊசிகள் ஒவ்வொன்றும் அக்காவின் கண்முன் வந்தன. அவர் உலகத்தைப் பார்த்திருக்கிறார். போன இடத்திலெல்லாம் அவளைத்தான் பார்த்திருக்கிறார்.

அந்த மழை நாளில் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டாள். சமையல்காரருக்கு முழுதாகத் தெரியவில்லை. அவர் எதிர்ப்பக்கம் ஒரு கடையில் ஒதுங்கி நின்றிருந்தார். அண்ணன் ஒரு தையல் கடை வாசலில் நனைந்துகொண்டு நிற்பது தெரிந்தது. உள்ளே இருந்த அம்மா அவரைப் பார்த்து என்னவோ சொல்லி உள்ளே கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார், கையில் கத்தரிக்கோல், முகம் அழுத மாதிரியும் இருந்தது, சிரித்த மாதிரியும் இருந்தது. மொழி தெரியாத ஊரில் அவ்வளவு நேரம் என்ன பேசினார்களோ.

"கப்பல்ல எல்லாரும் நச்சரிச்சோம், என்னண்ணே சொல்லுச்சு அந்த அம்மான்னு. வாயத் தெறக்கல. இத வீட்டுல போய்த்தான் சொல்லணும்னாரு. வந்து சொல்லியிருப்பாரே உங்ககிட்ட?"

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். சமையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடைக்குள் வந்தாள். கத்தரிக்கோல் மேஜையில் துணிமேல் கிடந்தது. மேஜைக்கு எதிரே அவர் நகராமல் நின்றதும், தொண்டையைக் கனைத்ததும், தான் சொன்னதும் அவளுக்கு அச்சுப் பிசகாமல் நினைவுக்கு வந்தன. அவளுக்கு ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. இரண்டு தடவை அவர் சொல்ல வந்தார். முதல் தடவை கேலி செய்து வாயை அடைத்தாள், இரண்டாம் தடவை புத்தகத்தை வைத்து அடைத்தாள். வாழ்நாளெல்லாம் அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். காது பாதி போன மனுஷனுக்கு அது கேட்கவில்லை, வாசலைப் பார்த்தபடி பொத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தாள். அந்த ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே மழை பெய்ததில்லையா என்று கேட்டாள்.

"அங்க மழையே கிடையாது" என்றார் அவர். சந்தேகமே இல்லாத குரல். கூரைக்குச் சரிவு கிடையாது, வடிகால் கிடையாது, குடை விற்கிற கடை தேடினாலும் கிடைக்காது. வயித்துவலிக்காரரின் வரிகள், அக்காவின் ஏற்ற இறக்கத்தோடு ஒரு சொல் பிசகாமல் வந்தன. சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிற பிள்ளையைப் போல அவளைப் பார்த்தார்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அதையே செய்தாள். அவர் காதருகே வாயை வைத்து, வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"பெஞ்சுதுங்க. ஒரே ஒரு நாள் பெஞ்சுது. உங்கள எல்லாம் கரைக்கு விட்டுட்டாங்க. நீங்க ஒரு தையல் கடை வாசல்ல நனைஞ்சுக்கிட்டே நின்னீங்க. உள்ள ஒரு அம்மா, செகப்புத் துணி தெச்சிட்டு இருந்தாங்க. அந்த அம்மா நிமிந்து உங்களப் பாத்து..."

அவர் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, புதுக் கதை கேட்கிற ஆவலோடு அவள் பக்கம் சாய்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.

அக்காவுக்குத் தெரியவில்லை.